நூல் விரைகிறது, பணம் காத்திருக்கிறது: சிறுதொழிலில் தொழில்நுட்பம் யாருடைய நேரத்தை மிச்சப்படுத்தியது?

நூலும் ஊசியும் (இழையைத் தொடங்கியவர்):

திருப்பூரில் கூலி நிட்டிங் தொழில் செய்கிறேன். ஏற்றுமதி நிறுவனம் நூலை அனுப்பிவைக்கும். அதை நாங்கள் துணியாகப் பின்னி, ரோல் ரோலாகச் சுற்றி, அவர்கள் சொல்லும் சாயப்பட்டறைக்கு அனுப்புவோம். கிலோ கணக்கில் கூலி வாங்குவோம். நூலும் துணியும் எங்களுடையவை அல்ல. இயந்திரமும் மின்சாரமும் ஆள்களின் உழைப்பும்தான் எங்கள் பங்கு. தொழில்நுட்பம் எங்கள் தொழிலையும் அன்றாட வாழ்க்கையையும் எப்படி மாற்றியிருக்கிறது என்று நெடுநாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததை இங்கே எழுதுகிறேன். தொழிலில் இருப்பவர்கள் மறுத்தும் திருத்தியும் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

இயந்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். 30 அங்குல விட்டமும் 24 கேஜும் (அங்குலத்துக்கு 24 ஊசி) உள்ள ஒரு வட்டப் பின்னல் இயந்திரத்தில் 2,200-க்கும் அதிகமான ஊசிகள் உண்டு. அவற்றுள் ஒன்றின் கொக்கி தேய்ந்தாலும் ரோல் முழுவதும் நெடுக ஒரு கோடு விழும். சாயம் ஏறாத கிரே துணியில் கண்ணுக்குத் தப்பிய அந்தக் கோடு சாயம் ஏறிய பிறகு தெரியவந்தால், நூலின் விலையும் சாயக் கூலியும் எங்கள் பில்லில் கழிக்கப்படும். நூல் அறுந்தவுடன் இயந்திரத்தை நிறுத்தும் அமைப்பு பழையதுதான். ஓடுகிற துணியைக் கேமராவால் பார்த்து, ஊசிக் கோட்டையும் ஓட்டையையும் லைக்ரா விடுபட்ட இடத்தையும் கண்டறிந்து இயந்திரத்தை நிறுத்தும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். இரவு ஷிஃப்டில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மனிதனின் கண் அயர்வது அவனுடைய குற்றம் அன்று; அந்த அயர்வுக்கு ஒரு ரோல் துணியை இழக்க வேண்டியதில்லை என்பது ஆபரேட்டருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

தகவலும் அப்படியே விரைந்திருக்கிறது. எந்த நூல், என்ன கவுண்ட் (நூலின் பருமன்), எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கான கிராம் எடை), எந்த டயா (விட்டம்) என்ற விவரமெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. ரோலின் எடை தராசிலிருந்து நேரே கணினிக்குப் போய், ஒட்டுச்சீட்டாக அச்சாகி வருகிறது. ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தன் இருக்கையில் இருந்தபடியே இத்தனை கிலோ ஓடிவிட்டது, இத்தனை கிலோ பாக்கி என்று பார்க்கிறார். முன்பு பத்து நாள் அவகாசம் தந்த வேலையை இப்போது நான்கு நாளில் கேட்கிறார்கள், நாங்களும் கொடுக்கிறோம்.

ஆனால் அந்த வேலைக்கான பணம் வருவதற்கு, தொலைபேசியில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலத்தில் எத்தனை மாதம் ஆயிற்றோ, இன்றும் ஏறக்குறைய அத்தனை மாதம்தான் ஆகிறது. பேச்சு அறுபது நாள் என்று தொடங்கும், தொண்ணூறில் முடியும், சில நேரங்களில் அதற்கும் அப்பால் போகும். எங்கள் கம்பெனி வாசலில் உள்ள தேநீர்க் கடையில் யுபிஐ மூலம் செலுத்தும் பணம் அடுத்த கணமே ஒலிப்பெட்டியில் அறிவிக்கப்படுகிறது. தேநீர் விற்பவருக்கு அந்த உரிமை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. 2016-இல் தொடங்கிய ஒரு முறை 2023 ஆகஸ்டிலேயே ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிமாற்றங்களைக் கடந்துவிட்டது. பணத்தை நொடியில் அனுப்பும் வழி நாட்டில் இல்லாமல் இல்லை. அப்படியிருந்தும் ஒரு மாத வேலையின் கூலி மூன்று மாதம் தள்ளி வருகிறது என்றால், அந்தத் தாமதம் கருவியில் இல்லை என்றுதான் நான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

எனக்குக் காத்திருப்பு உண்டு. எனக்குக் கீழே உள்ள செலவுகளுக்குக் காத்திருப்பு கிடையாது. சனிக்கிழமை மாலை சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் அன்றிரவே வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். மின்கட்டணத்துக்குக் கெடு உண்டு. இயந்திரம் ஓடாத மாதத்திலும் நிலைக்கட்டணம் உண்டு. ஜிஎஸ்டி, பில் போட்ட மாதத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறதே தவிர, பணம் வந்த மாதத்தைக் கொண்டு அல்ல. ஆகவே என் கைக்கு வராத பணத்துக்கான வரியை நான் முதலில் கட்டிவிடுகிறேன். என் அனுபவத்தில், எங்கள் சங்கிலியில் மிகக் குறைந்த முதல் உள்ளவர்கள்தான் மிக நீண்ட கடனை, வட்டியில்லாமல், தங்களைவிடப் பெரியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேகத்தின் பலன் மேலே போகிறது. அந்த வேகத்துக்கான முதலீடு கீழே இருப்பவர்கள் தலையில் விழுகிறது. இதை மாற்ற உண்மையில் என்ன வழி இருக்கிறது?

---

வரவுசெலவு:

சிறு நிறுவனங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்பவன் என்ற முறையில், சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை முதலில் வைக்கிறேன். ஏனெனில் பலரும் சட்டமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, வாங்குபவர் எந்த ஒப்பந்தம் போட்டுக்கொண்டாலும் 45 நாள்களுக்குமேல் தவணை வைக்க முடியாது என்கிறது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்பது 16-ஆம் பிரிவு. மாநில அளவில் உள்ள வசதிக் குழுவிடம் முறையிடலாம். அக்குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்னதாகவே கட்டிவிட்டுத்தான் போக முடியும். முறையீட்டை இணையத்திலேயே பதிவு செய்யச் சமாதான் என்ற தளம் 2017-இல் தொடங்கப்பட்டது.

இவற்றோடு 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்துக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டின் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. பணம் உண்மையில் தரப்பட்ட ஆண்டில்தான் கழிக்கலாம். 2024 மார்ச் மாதத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த வாடிக்கையாளர்கள், பல ஆண்டுகளில் முதன்முறையாகத் தங்கள் பழைய பாக்கிகள் தாமாகவே தீர்ந்தன என்று சொன்னார்கள். மூன்று மடங்கு வட்டி என்ற அச்சம் பதினேழு ஆண்டுகளில் செய்யாததை, வரிச்சலுகை தள்ளிப்போகும் என்ற அச்சம் ஒரே ஆண்டில் ஓரளவு செய்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: சில வாங்குபவர்கள் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லாதவர்களிடம் வேலையை மாற்றினார்கள், பதிவை விட்டுவிடும்படி வற்புறுத்தியவர்களும் உண்டு.

---

பவர் டேபிள்:

ஐயா, நீங்கள் சொன்ன சட்டம் அனைத்தும் சரி. பனியன்களைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட் ஒன்றை நடத்துகிறேன். எனக்கு வேலை தருபவர்கள் இரண்டே நிறுவனத்தார். அவர்களில் ஒருவர்மீது வசதிக் குழுவில் முறையிட்டால், அந்த வழக்கில் நான் வென்றாலும் அடுத்த நாளிலிருந்து பாதி மெஷின்கள் நிற்கும். அந்த மெஷின்களில் உட்காரும் பெண்கள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். ஒருமுறை போனவர்களைத் திரும்ப அழைத்துவருவது எளிதன்று. முறையிட வேண்டியவரே பிழைப்புக்காக முறையிடப்படுபவரைச் சார்ந்திருக்கும்போது, சட்டத்தைப் பயன்படுத்துவது என்பது பெரும்பாலும் தொழிலை விட்டுப் போக முடிவெடுத்தவர் செய்யும் காரியமாகவே ஆகிவிடுகிறது.

இழையைத் தொடங்கிய அண்ணா அன்றாட வாழ்க்கை என்றும் குறிப்பிட்டிருப்பதால் இதையும் எழுதுகிறேன். கைப்பேசி வந்த பிறகு வேலைக்கு எல்லை இல்லாமல் போயிற்று. இரவு பதினொரு மணிக்குப் பேட்டர்னில் ஒரு திருத்தம் வரும். காலை எட்டரை மணிக்குள் கட்டிங் மாற வேண்டும் என்பார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதை இரண்டு நீலக் கோடுகள் அவர்களுக்குக் காட்டிவிடும். பணத்தைப் பற்றி நான் அனுப்பிய செய்தியிலும் அதே நீலக் கோடுகள் விழுகின்றன. பதில் மட்டும் வருவதில்லை. ஒரே கருவிதான். இரவு முழுவதும் யார் கண்விழிக்க வேண்டும், யார் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்பதை யாருக்கு யார் தேவை என்பதே முடிவு செய்கிறது. என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, இரவில் அவளுக்கு அருகே உட்கார்ந்திருந்தும் அவளோடு இல்லாமல் கழிந்த மாதங்களை நான் எந்தப் பில்லில் சேர்ப்பது?

---

ஏற்றுமதிப் பிரிவு:

நடுத்தர அளவிலான ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் நிதிப் பொறுப்பில் இருக்கிறேன். இங்கே எழுதியவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் பணத்தை நாங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

வெளிநாட்டுக் கடைகளின் வாங்கும் முறை மாறிவிட்டது. வங்கி உத்தரவாதக் கடிதத்தின் பேரில் வந்த ஆர்டர்கள் குறைந்து, கப்பல் ஏற்றிய பிறகு அறுபது அல்லது தொண்ணூறு நாள் தவணை என்ற முறையே வழக்கமாகிவிட்டது. நூற்பாலைக்கு நாங்கள் விரைவில் பணம் தர வேண்டும். தராவிட்டால் நூலே வராது. வங்கியில் பேக்கிங் கிரெடிட் (சரக்கு கப்பலேறும் முன் வாங்கும் கடன்) வாங்குகிறோம். அதற்கு வட்டி ஓடுகிறது. 2020 மார்ச்சில் பல வெளிநாட்டு வாங்குபவர்கள் ஆர்டர்களை நிறுத்தினார்கள். தைத்து முடித்த சரக்கும் கிடங்கிலேயே கிடந்தது. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணம் ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்டது. பணமும் அத்தனை நாள் தள்ளிப்போயிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்குக் கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, அந்நாட்டுக்கு மட்டுமே தைத்துக்கொண்டிருந்தவர்கள் விலையைக் குறைத்துக் கொடுத்து ஆர்டரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. எங்களுக்கு மேலே இருப்பவரிடம் 45 நாள் சட்டத்தைக் காட்ட முடியாது. அது நம் நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது.

---

நூலும் ஊசியும்:

ஏற்றுமதிப் பிரிவு அவர்கள் வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. அவர் சொன்னவற்றுள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதே விளக்கத்துக்குள் என் கேள்விக்கான விடையும் இருக்கிறது. நூற்பாலைக்கு ஏன் விரைவில் பணம் போகிறது? தராவிட்டால் நூல் வராது என்பதால். நிட்டிங்காரருக்கு ஏன் தாமதமாகிறது? தராவிட்டாலும் துணி வந்துவிடும் என்பதால். இலண்டனிலோ நியூயார்க்கிலோ தொடங்கும் காத்திருப்பு, மறுக்க முடிந்தவர்களை எல்லாம் விட்டு விலகி, மறுக்க முடியாதவரிடம் வந்து தங்குகிறது. வங்கிக்கும் ஆலைக்கும் அரசுக்கும் நாள் தவறாமல் கொடுக்க முடிகிற நிறுவனம், கூலி வேலைக்காரரை மட்டும் கடைசியில் வைப்பது ஒரு தேர்வு. வேறு வழியே இல்லாத நிலை என்று அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சட்டம் பற்றி வரவுசெலவு அவர்களிடம் ஒரு கேள்வி. சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கூலி வந்தால்தான் தருவேன் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா?

---

வரவுசெலவு:

உண்டு, ஆனால் உங்கள் நடைமுறையே அதைப் பறித்துவிடுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, ஒருவர் கொடுத்த பொருளின்மீது தம் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர், தம் கூலி கிடைக்கும்வரை அப்பொருளை நிறுத்திவைக்கலாம் என்கிறது. அப்பிரிவின் கீழே சட்டம் இயற்றியவர்களே இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தந்திருக்கிறார்கள். பட்டை தீட்டுவதற்கு வைரத்தைப் பெற்ற நகைத் தொழிலாளி, தீட்டி முடித்த பிறகு கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். துணியைப் பெற்றுக்கொண்டு, மேலங்கி தைத்தவுடன் கொடுத்துவிடுகிறேன், கூலிக்கு மூன்று மாதத் தவணை தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட தையற்காரர், அதை நிறுத்திவைக்க முடியாது. திருப்பூரின் கூலி வேலை இந்த இரண்டாவது எடுத்துக்காட்டைச் சார்ந்தது. நீங்கள் தவணைக்கு ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். அதற்குமேல் துணியும் ரோல் ஓடி இறங்கிய அன்றே சாயப்பட்டறைக்குப் போய்விடுகிறது. பொருள் கையை விட்டுப் போனபின் அந்த உரிமை நிற்பதில்லை.

---

குறிமொழி:

கோவையில் சிறு தொழில்களுக்கு மென்பொருள் செய்து தருகிறேன். மேலே இருப்பவரின் பணத்தட்டுப்பாட்டையும் கீழே இருப்பவரின் காத்திருப்பையும் ஒரே நேரத்தில் தீர்க்க ஒரு வழி ஏற்கனவே இருக்கிறது: ட்ரெட்ஸ் எனப்படும் பில் தள்ளுபடித் தளங்கள். ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு 2017 முதல் இயங்கிவருகின்றன. சிறு நிறுவனம் தன் பில்லை ஏற்றும். வாங்குபவர் அதை ஒப்புக்கொள்வார். வங்கிகள் போட்டியிட்டு வட்டி கேட்கும். குறைந்த வட்டி கேட்ட வங்கி ஓரிரு நாளில் சிறு நிறுவனத்துக்குப் பணம் செலுத்திவிடும். தவணை முடியும்போது வங்கி வாங்குபவரிடம் வசூலித்துக்கொள்ளும். அவர் தவறினாலும் சிறு நிறுவனத்தைத் திருப்பிக் கேட்காது. வாங்குபவரின் நன்மதிப்பைக் கொண்டு வட்டி நிர்ணயிக்கப்படுவதால், நாம் தனியாகக் கடன் வாங்குவதைவிட அது மலிவாக இருக்கும். இதைத்தான் நான் தொழில்நுட்பத்தின் உண்மையான பயன் என்பேன்.

---

வரவுசெலவு:

வழி நல்லது, அதன் வாசல் குறுகலானது. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள் இதில் சேர வேண்டும் என்றிருந்த வரம்பை 2024 நவம்பரில் 250 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் அந்தக் கட்டாயம் கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான நிறுவனங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும்தான். திருப்பூரில் பங்குதாரர் நிறுவனங்களாகவும் தனியுரிமை நிறுவனங்களாகவும் நடப்பவை ஏராளம். மேலும், சேர்வது கட்டாயமே தவிர, ஒவ்வொரு பில்லையும் ஒப்புக்கொள்வது கட்டாயமன்று. வாங்குபவர் ஒப்புக்கொள்ளாத பில், தளத்தில் ஏறியும் பயனில்லை.

---

நொய்யல் கரை:

திருப்பூரின் சாயக் கழிவு நொய்யல் ஆற்றின் வழியே வந்து சேர்ந்த ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன். இப்போது சாயப்பட்டறை ஒன்றில் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த ஊரில் எந்தத் தொழில்நுட்பம் எப்படி வந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

சாயக் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கலாம் என்ற அறிவு பல ஆண்டுகளாகவே இருந்தது. செலவு அதிகம், போட்டியில் நிற்க முடியாது, வெளிநாட்டு வாங்குபவர் கூடுதல் விலை தரமாட்டார் என்றெல்லாம் சொல்லப்பட்டது. அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செலவை அதுவரை எங்கள் ஊர்க் கிணறுகளும் வயல்களும் கொடுத்துக்கொண்டிருந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஊர் தத்தளித்தது, வேலை இழந்து போனவர்கள் பலர். அதன் பிறகு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன, இன்று எங்கள் நிலையத்துக்குள் வரும் தண்ணீரில் மிகப் பெரும்பகுதி மீண்டும் சாயத் தொட்டிக்கே போகிறது. அதே திருப்பூர் இன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிறது.

கூலித் தாமதத்தையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இங்கேயும் செலவு இல்லாமல் போகவில்லை. கேட்க முடியாதவர்மீது இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே விதி வந்தபோதுதான், நான் மட்டும் செலவு செய்தால் போட்டியில் தோற்பேன் என்ற காரணம் எடுபடாமல் போயிற்று. சகோதரி பவர் டேபிள் சொன்னதுபோல், முறையிடும் சுமையைப் பாதிக்கப்பட்டவரிடமே விட்டிருக்கும்வரை இது மாறாது. ஜிஎஸ்டி தளத்தில் பில்லின் தேதி அரசுக்குத் தெரிகிறது. பணம் போகும் தேதி வங்கிக்குத் தெரிகிறது. இவ்விரண்டையும் இணைத்து, 45 நாள் கடந்த பில்லைத் தளமே கண்டுகொள்ளும்படி செய்தால், யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

---

நூலும் ஊசியும்:

நொய்யல் கரை அவர்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். அவர் சொல்லும் இணைப்பு முடியாத காரியம் அன்று. 180 நாளுக்குள் பணம் தராத பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை (வாங்கும்போது விதிக்கப்பட்ட வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வதை) வாங்குபவர் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதி ஜிஎஸ்டியிலேயே இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களின் பில்லுக்கு மட்டும் அந்த 180-ஐ 45 ஆக்கி, அதைத் தளமே சரிபார்த்தால் போதும். தொழில் சங்கங்கள் மின்கட்டணத்துக்காகவும் நூல் விலைக்காகவும் ஒன்றுசேர்ந்து பேசியதுபோல இதற்கும் பேச வேண்டும். ஏற்றுமதியாளர்களும் எங்களோடு நின்றால், தங்கள் பக்கத்து நெருக்கடியைக் காட்டி ஏற்றுமதிக் கடனின் காலத்தை நீட்டித் தரும்படியும் சேர்த்துக் கேட்கலாம்.

அது வரும்வரை என்னளவில் சில முடிவுகளை எடுத்திருக்கிறேன். கேமரா பொருத்திய இயந்திரம் ஒன்றுக்கு விலை கேட்டிருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டேன். கடன் வாங்கி வாங்கும் இயந்திரம் என் உற்பத்தியைக் கூட்டும். கூடிய உற்பத்தி என் பாக்கியைக் கூட்டும். தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும். அதற்குப் பதிலாக, வாரந்தோறும் பணம் தரும் உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்குக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கூலியில் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறேன். அவர்களுக்குத் தனி விலைப்பட்டியலே போட்டுவிட்டேன். தொண்ணூறு நாள் கேட்பவர்களுக்கு அந்த விலை கிடையாது. இரவு ஒன்பது மணிக்குமேல் வரும் செய்திகளுக்கு ஷிஃப்ட் சூப்பர்வைசர் மட்டுமே பதில் சொல்வார் என்பதையும் எல்லோருக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் வருத்தப்பட்டார், மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

---

பவர் டேபிள்:

அண்ணா சொன்னதுபோல் இரண்டு விலை வைக்கும் நிலையில் நான் இன்னும் இல்லை. ஆனால் எங்கள் வீதியில் தைப்பவர்கள் சிலர் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் ஒரே தவணையைச் சொன்னால், வேலை தருபவர் எங்களில் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போக முடியாது அல்லவா. வரவுசெலவு ஐயாவிடம் ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் பேச்சு எல்லாம் வாய்மொழிதான். எழுத்தில் எதுவும் இல்லை. அப்படியானால் அந்த 45 நாள் எங்களுக்குப் பொருந்தாதா?

---

வரவுசெலவு:

எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 45 நாள் கூட இல்லை, 15 நாள்தான். தவணைக்கு ஒப்புக்கொண்டது எழுத்தில் இருந்தால்தான் 45 வரை போகலாம் என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. சரக்கு கொடுத்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் வாங்குபவர் குறை எதையும் எழுத்தில் தெரிவிக்காவிட்டால், கொடுத்த நாளையே ஏற்றுக்கொண்ட நாளாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகையால் டெலிவரி சலானில் தேதி, பீஸ் எண்ணிக்கை, பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் மூன்றும் இல்லாமல் வண்டியை அனுப்பாதீர்கள். உங்கள் வீதியில் உத்யம் பதிவு இல்லாதவர்கள் இருந்தால், அடுத்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்துவிடச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் போதும். பதிவுக்கு முன்பு கொடுத்த சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்பது கடினம்.